வெளிச்சத்தில் செய்த காடு

செப்டம்பர் 2, செவ்வாய்

மதியம் வரை கல்லூரி ஆய்வகத்தில் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பட்டகமும் லென்சும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு ஒத்திகைக் கூடம். ஆவுடையப்பன் அண்ணாச்சி புது நாடகத்தை வாசித்தார். வனக்காவலர் ஒருவர் காட்டுக்குள் போய்த் திரும்பவில்லை. அவர் மனைவி தேடிப் போகிறாள். ஒன்றேகால் மணி நேரமும் காடுதான்.

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஜெசிந்தா, மேடையில ஒரு மரம் கிடையாது. வரைஞ்ச திரை கிடையாது. ஒரு கொப்பு கிடையாது. காடு மொத்தமும் ஒன் லைட்டுதான்."

பதினாறு வருடமாக இந்தக் குழுவுக்கு விளக்கு போடுகிறேன். இப்படி ஒன்றை யாரும் என் கையில் கொடுத்ததில்லை. கூடத்திலிருந்து வண்டியை எடுத்தவள் சமாதானபுரம் தாண்டித்தான் ஹெல்மெட் போடவில்லை என்பதையே கவனித்தேன்.

மனைவி வேடம் வடிவம்மைக்கு. இரண்டு வருடம் கழித்து வருகிறாள். நல்லதுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

தண்ணீர் வரும் நாள். ஐந்து மணிக்கே எழுந்து தொட்டி நிரப்பினேன்.

காட்டுக்கு முதல் சோதனை படுதோல்வி. அச்சகத்தில் பழைய அலுமினியத் தகடு வாங்கி வந்து, வேப்பங்கொப்பை மேலே வைத்து, இலைக்கு இலை அப்படியே வெட்டினேன். மூன்று மணி நேரம். விளக்கின் முன்னால் செருகித் தரையில் அடித்துப் பார்த்தால் அரிசி கொட்டினது மாதிரி இருக்கிறது. காடாவது ஒன்றாவது.

செல்வின் பார்த்துவிட்டு, "ஏதோ சல்லடை மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பேப்பருக்குள் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு நாடகம் பிடிக்காது. சரியாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 5, வெள்ளி

இலையை மறந்துவிட வேண்டும். பெரிய, கோணலான, இலை மாதிரியே இல்லாத ஓட்டைகள். நாலே நாலு. விளக்கைக் கொஞ்சம் குவியம் தப்ப வைத்தேன். சுவரில் புளிய மரத்து நிழல் விழுந்துவிட்டது!

செப்டம்பர் 8, திங்கள்

வடிவு வந்தாள். தபால் அலுவலகத்திலிருந்து நேராக, சீருடைச் சேலையோடு. இடது கால் முழுதாக மடங்கவில்லை. வாசல்படி ஏறும்போது பக்கவாட்டில் திரும்பி ஏறுகிறாள். தொடைக்குள் இன்னும் கம்பி இருக்கிறதாம். எட்டு மாதம் சம்பளமில்லாத விடுப்பு.

எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். நானும்தான்.

இது என் நோட்டு, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், இப்போதும் நாடகம் போடப்போகிற இதே அரங்கில், நாலடி உயரப் பலகைத்தளத்தின் விளிம்பில் அவள் நடந்துகொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. வசனம் இன்னும் இரண்டு வரி இருந்தது. விழுந்தாள். விளக்குகளை இயக்கும் போர்டில் இருந்தவன் இசக்கித்துரை. அவசரப்பட்டு அணைத்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் குழுவை விட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து போர்டில் நானே உட்காருகிறேன்.

வடிவு கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து, "அக்கா, இந்தத் தடவையும் உயரத்துல ஏறணுமாமே" என்றாள்.

"அஞ்சடி. பாறை மாதிரி. அதுல இருந்துதான் நீ காட்டைப் பாக்கணும்."

"கடைசி சீன்ல முழு இருட்டாமே."

"ஆமா. இருட்டுக்குள்ள பின்பக்கமா ஆறு படி இறங்கணும்."

"நீங்க போர்டுல இருக்கியள்லா. அது போதும்" என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிரைண்டர் ரிப்பேர். மாவு கடையில் வாங்கினேன். தூக்கம் சரியில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று ஒன்று பிடிபட்டது. வெளிச்சத்தைக் கொண்டு மரம் செய்ய முடியாது. மரத்தை இருட்டைக் கொண்டுதான் செய்ய வேண்டும். ஒத்திகைக் கூடத்து மேடைக்குப் பின்னால் ஐந்து விளக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் முன்னும் பலகை வைத்து ஒரு கோடு மட்டும் திறந்தேன். புகையைக் கொஞ்சம் விட்டதும் ஐந்து வெளிச்சத் தூண்கள் நின்றன. அவற்றின் இடையில் இருக்கும் கறுப்பெல்லாம் அடிமரம். மேடை நாலு மடங்கு ஆழமாகிவிட்டது.

பச்சை நிறத்தில் ஒரு தொல்லை. முகத்தில் பட்டால் ஆள் செத்து மூன்று நாள் ஆனது மாதிரி ஆகிறது. அதனால் பச்சை தரையோடு நிற்கட்டும். முகத்துக்குப் பக்கவாட்டிலிருந்து வெளுத்த மஞ்சள். அண்ணாச்சி கை தட்டினார்.

ஒத்திகை இடைவேளையில் வடிவு முறுக்கு கொண்டு வந்தாள். கடித்துக்கொண்டே, "இசக்கியப் போன மாசம் பாவூர்சத்திரம் மார்க்கெட்ல பாத்தேன்க்கா" என்றாள்.

நான் தகட்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னயப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டான். விழுந்ததுக்குக் கூட எனக்குக் கோவம் இல்லக்கா. ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்து, தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? குடிச்சிட்டு வேல பாத்திருக்கான், அந்த வெக்கம் கூட இல்ல."

விரலில் தகடு கிழித்துவிட்டது. பெரிய காயமில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அவன் குடித்திருந்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணாச்சி அன்று, "குடிச்சிருந்தானா ஜெசிந்தா?" என்று கேட்டார். "தெரியல அண்ணாச்சி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அரங்கில் முதல் நாள். காலை எட்டு மணியிலிருந்து ஏணியில்தான். மின்விசிறிகளை நிறுத்தினால்தான் புகை நிற்கிறது. எல்லோரும் வியர்வையில் குளித்தோம்.

மாலை நாலு மணிக்கு முதல்முறையாக முழுக்காடும் எரிந்தது. எழுதினால் நம்ப மாட்டார்கள். வெறும் பலகைத்தரை, கறுப்புத்துணி. ஆனால் உள்ளே வந்த ஒப்பனைக்காரர் குரலைத் தாழ்த்திப் பேசினார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில் உறுத்தியது. பாறை விளிம்பில் வடிவுக்காகச் சின்ன நீலப் பல்புகள் வரிசையாக வைத்திருக்கிறோம், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. புகையில் அந்த நீலம் மேலே கசிந்து, பாறை பாறையாக இல்லாமல் ரயில் நிலைய மேடை மாதிரி ஆகிவிட்டது.

ஐந்தரைக்கு அவள் மேலே ஏறிக் காட்சியை ஆரம்பித்தாள். இலை நிழல் தரை முழுக்க அசைந்தது. மூன்றாவது வசனத்தில் முன்னால் நடந்தாள். வலது காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். கால் விளிம்புக்கு வெளியே, கீழே ஐந்தடி வெறும் காற்று. ஒரு கை மட்டும் எதையோ பிடிக்கப் பார்த்தது.

பிறகு மெதுவாகக் காலை உள்ளே இழுத்து, அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். அடிகளை எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறாள். அதனால்தான் தப்பினாள்.

"விளிம்பு லைட்டு எங்கக்கா?"

குரலில் கோபமே இல்லை. கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

பல்பு போயிருக்கும் என்று சொன்னேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பல்பு போகவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

கல்லூரிக்கு விடுப்பு சொன்னேன். துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

செல்வின் வேலையிலிருந்து வந்து, காபி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். "ஒண்ணு கேட்டா கோவப்படக்கூடாது. வடிவு விழுந்த மறுநாள் அடுப்படியில நின்னு ஒரு பேப்பரக் கிழிச்சியே, அது என்ன?"

"பழைய கணக்கு."

"லைட்டு நோட்டுல இருந்து கிழிச்ச."

"ரெண்டு வருசமா ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். டிவி போடாமல் படுத்துவிட்டார்.

சரி. எழுதுகிறேன்.

வடிவு விழுந்த அன்று மதியம் மூன்று மணிக்கு, விளக்கு அணைய வேண்டிய இடத்தை நான்தான் மாற்றினேன். காட்சி முடிந்து அணைப்பதைவிட, "போ" என்று அவள் சொல்லும் அந்தச் சொல்லிலேயே அணைத்தால் எவ்வளவு அழகு என்று தோன்றியது. இரண்டு வரி முன்னால். நோட்டில் அடித்து எழுதி இசக்கியிடம் கொடுத்தேன். "வடிவக்காட்ட சொல்லியாச்சா?" என்று அவன் கேட்டான். "நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன். ஒப்பனை அறைக்குப் போனேன். அவள் கண் மூடி மை போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். யாரோ டீ கொடுத்தார்கள். மறந்தேபோனேன்.

இது தவறு. மனிதருக்கு நேர்வதுதான். அடுத்தது அப்படியில்லை. மறுநாள் குழுக் கூட்டத்தில் இசக்கி, "அக்காதான் மதியம் மாத்தித் தந்தாங்க" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் எதையும் மாத்தல" என்றேன். நோட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். அந்தத் தாள் அதில் இல்லை.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது. சண்டை போடவில்லை. சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை விளிம்பு விளக்கை நான்தான் அணைத்தேன். மறந்து அல்ல. காடு அழகாகத் தெரிய வேண்டும் என்று.

செப்டம்பர் 17, புதன்

வடிவைத் தபால் அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். பின்கட்டில் கட்டுக்கட்டாகச் சாக்குப்பைகள். அவள் டிபன்பாக்சைத் திறந்து, "சாப்பிடுதியளாக்கா? புளியோதரை" என்றாள்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். மூன்று மணி, நோட்டு, ஒப்பனை அறை, கூட்டம், கிழித்த தாள், ஞாயிற்றுக்கிழமைப் பல்பு. எல்லாம்.

அவள் டிபன்பாக்சை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மூடினாள்.

"இசக்கி குடிச்சிருக்கலையா?"

"இல்ல."

"ரெண்டு வருசமா அவன நான் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி பேசிருக்கேன். அவன் தெருக்காரங்கட்டயே பேசிருக்கேன்."

டிபன்பாக்சைப் பைக்குள் வைத்தாள்.

"ஆஸ்பத்திரில என் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சித் தந்தியளேக்கா."

இடைவேளை முடிந்து கவுண்டருக்குப் போய்விட்டாள். வரிசையில் நின்றவர்களிடம் ரெஜிஸ்டர் தபால் வாங்கி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். நான் வாசலில் பத்து நிமிடம் நின்றேன். அவள் நிமிரவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

குழு முழுவதையும் உட்கார வைத்துச் சொன்னேன். அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது. திரும்பி வந்து, "நாடகத்த நிறுத்திருவோம்" என்றார்.

வடிவுதான், "நிறுத்தக்கூடாது" என்றாள். "ரெண்டு வாரமா மருந்து மாத்திரையோட மனப்பாடம் பண்ணிருக்கேன். நான் ஏறுவேன். அக்கா செஞ்ச காடு இருக்கட்டும். போர்டுல அவங்க இருக்கக்கூடாது."

"சரி" என்றேன்.

"இன்னும் முடிக்கல. அண்ணாச்சி போர்டுல இருக்கட்டும். நான் சொல்லுற வார்த்தையிலதான் இருட்டு வரணும், அத நான்தான் முடிவு பண்ணுவேன். ஒரு பல்ப மாத்துனாலும் என்ட்ட சொல்லணும். இருட்டுல நான் எறங்குற படிக்குக் கீழ நீங்க நிக்கணும். விழுந்தா உங்க மேலதான் விழணும்."

யாரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பாவூர்சத்திரம். இசக்கிக்கு மைக் செட் கடை. சொந்தக் கடை இல்லை, மச்சான் கடையில் வேலை. உயரமான சவுக்குக் கம்பின் மேல் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் இறங்கவில்லை. கட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றேன்.

இறங்கி வந்து கையைத் துடைத்தான். நான் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் கையைக் காட்டி நிறுத்தினான்.

"என்ட்ட எதுக்கு சொல்லுதிய? எனக்குத்தான் தெரியுமே."

வயர்ச்சுருளை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"பொண்ணு பாத்து முடிச்சி, பத்திரிகை அடிக்கக் குடுத்திருந்தோம் அப்ப. குடிகாரன்னு அவங்க காதுக்குப் போயிட்டு. வேண்டாம்னுட்டாங்க. எங்கம்மா அந்தத் தெருவுல தண்ணி புடிக்கப் போறதையே நிறுத்திட்டா. அவளே என் வாய மோந்து பாத்தா அக்கா, ஒரு நாள். நான் தூங்கும்போது."

அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் மாறியது.

"நாடகத்துக்கு வா இசக்கி. எல்லாருக்கும் தெரியும் இப்ப."

"வர மாட்டேன். நீங்களும் இனிமே இங்க வராதிய. சொல்லணும்னா எங்கம்மாட்ட போய்ச் சொல்லுங்க."

மறுபடி கம்பில் ஏறிவிட்டான்.

செப்டம்பர் 20, சனி

நாடகம் முடிந்தது. கூடம் நிறைந்திருந்தது. விளக்கு ஏறியதும் முதல் வரிசையில் யாரோ "அம்மாடி" என்றது படிக்குக் கீழே நின்ற எனக்குக் கேட்டது. நான் செய்த காட்டை நான் பார்க்கவில்லை. அங்கிருந்து பலகையின் அடிப்பக்கமும் ஆணிகளும்தான் தெரியும்.

அண்ணாச்சி இரண்டு இடத்தில் தாமதித்தார். ஒரு முறை காலைக் காட்சிக்கு நிலவு வந்துவிட்டது. விளிம்பில் நீலப் பல்புகள் பதினான்கும் எரிந்தன. போர்டுக்குப் போய் எல்லாவற்றையும் சரி செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசிக் காட்சி. கணவன் திரும்பமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வசனப்படி உடனே இருட்டு. அவள் சொல்லவில்லை. இருட்டுக்கென்று அவளே குறித்த அந்தச் சொல்லைச் சொல்லாமல் நின்றாள். கூடத்தில் இருமல் கூட இல்லை. மறந்துவிட்டாளோ, கால் வலிக்கிறதோ என்று தோன்றியது. பிறகு சொன்னாள். இருட்டு விழுந்தது.

முதல் படி. இரண்டாவது. கம்பி வைத்த காலைப் பக்கவாட்டில் வைக்கும் சத்தம் தனியாகக் கேட்டது. நாலாவது படியில் பலகை முனகியது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கை என் தோளில் விழுந்தது. முழுப்பாரமும். அவ்வளவு பாரத்தை நான் எதிர்பார்க்கவில்லை, காலை அகட்டி ஊன்றிக்கொண்டேன். இரண்டு படி இறங்கித் தரைக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

கைத்தட்டல் தொடங்கியது. அவள் முன்னால் போய் வணங்கினாள். திரும்பி வரும்போது என்னைத் தாண்டித்தான் போனாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

செல்வின் நானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஆலங்குளம் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ.

இசக்கியின் அம்மா பெயர் மாடத்தி. வீட்டு வாசல் நிழலில் இலையும் தூளும் பரப்பிய சொளவை, முறத்தை, மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வாசல்களிலும் ஆளுக்கொரு சொளவோடு பெண்கள். நான் யார் என்று சொன்னேன். "லைட்டு டீச்சரா?" என்றார். நான் டீச்சர் இல்லை, ஆய்வக உதவியாளர்தான். திருத்தவில்லை.

குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னேன். உங்கள் மகன் குடிக்கவில்லை, அவன்மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு செய்தது நான், அதை அவன் தலையில் போட்டதும் நான் என்று. அவர் விரல்கள் நிற்கவே இல்லை. இலை, தூள், சுருட்டு, நூல். ஒரு பீடி, இன்னொரு பீடி. கேட்கிறாரா என்றே தெரியவில்லை.

முடித்ததும் சொளவைத் தரையில் வைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து தெருவுக்கு நடுவில் போய் நின்று, "ஏ பேச்சி, ஏ சண்முகத்தாயி, எல்லாரும் இங்கன வாங்க" என்று கூப்பிட்டார். இந்த வாசல், அந்த வாசல், எதிர்வீடு. பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி கையில் இன்னும் நூல்கண்டு.

மாடத்தி என் கையைப் பிடித்து எழுப்பி, வெயிலில் நிறுத்தினார்.

"இப்ப சொல்லு. சத்தமா."

"இசக்கித்துரை மேல..." என்று தொடங்கினேன்.

"கேக்கல" என்றார். "மொதல்ல இருந்து சொல்லு."

முதலிலிருந்து சொன்னேன்.